சிவனொளிபாதம் என்று எழுதிக் கொடுத்தோம்

என் அய்யா மழை பார்ப்பதற்காகக் கடல் தாண்டிப் போனவர். பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்து அந்த நாளில் இலங்கைக்குப் போனவர்கள் நிறையப் பேர். தேயிலைத் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போனார்கள்; கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருக்கப் போனார்கள்; நேர்ந்துகொண்டு கதிர்காமத்துக்குப் போனார்கள். வேலையும் வேண்டாம், வேண்டுதலும் இல்லை, பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். கூடப் போனவள் அவர் மகள் நான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து ஊருக்குப் போவேன்.

அதற்கு முன்னால் மூன்று வருடம் எங்கள் பக்கம் ஐப்பசியும் கார்த்திகையும் வெறும் காற்றோடு போயின. முளைத்த பயிர் நின்ற இடத்திலேயே கருகியது. நான்காம் வருடம்தான் அளவாகப் பெய்து பருத்தி வெடித்தது. அந்தப் பருத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்த அன்று, ஒரு டீக்கடையில் அய்யா ஒருவரைச் சந்தித்திருக்கிறார். அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சொந்த ஊர் பார்க்க வந்த மனிதர். "அங்கன வைகாசி பொறந்தா மழை நிக்காது அண்ணாச்சி. நாப்பது நாளு சூரியனைப் பாக்காம இருந்திருக்கோம். துணி காயாது, விறகு காயாது" என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். குறையாகத்தான் சொல்லியிருக்கிறார். அய்யாவுக்கு அது குறையாகப் படவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"ஏட்டி, நீ பிள்ளைகளுக்கு தேசப்படம் சொல்லிக் குடுக்கியே, இலங்கையில அப்பிடி மழை பெய்யுதுன்னு ஒம் பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு அய்யா. மலைநாட்டுல ரெண்டு பருவக்காத்துக்கும் மழை உண்டு."

"நாப்பது நாளு நிக்காமயா?"

"நாளுக் கணக்கு போடலை. ஆனா ரொம்பப் பெய்யும்."

சோற்றைப் பிசைந்து முடித்தார். "அதைக் கண்ணால பாக்கணும்" என்றார் பிறகு.

அம்மா முதலில் சிரித்தாள். அவர் இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் அதையே பேசியபோது கோபப்பட்டாள். நானும் போகிறேன் என்றதும் அழுதாள். "கலியாணம் ஆகாத பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கடல் தாண்டப் போறீகளா? ஊருல என்ன பேசுவாவ?"

"எனக்கு எழுத்து வாசனை கிடையாது. அவ இல்லாம நான் எந்த ரயில்ல ஏறி எங்க எறங்குவேன்?" என்றார் அய்யா. ஊர் பேசத்தான் செய்தது. பெண்ணுக்கு அக்கரையில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறார் என்று ஒரு பேச்சு. அய்யாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று இன்னொரு பேச்சு. மழை பார்க்கப் போகிறார் என்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். விசாரிக்க வந்த அதிகாரி மரியாதையான மனிதர். அய்யாவை உட்காரச் சொல்லிவிட்டு, "என்ன காரியமாப் போறீக?" என்று கேட்டார்.

"பாக்கதுக்கு."

"யாரைப் பாக்க?"

"மழையை."

அதிகாரி பேனாவை மூடி மேசையில் வைத்தார். என் பக்கம் திரும்பி, "யோசிச்சு ஒரு காரணம் எழுதிக்கிட்டு வாங்கம்மா" என்றார்.

கோவில்பட்டிக் கடைவீதியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு ஜவுளிக்கடை இருந்தது. கடைக்காரர் முஸ்லிம், அவருடைய தம்பி கொழும்பில் கடை வைத்திருந்தார். எங்களுக்கு ஜாமீன் கடிதம் வாங்கித் தருவதாகச் சொன்னவர் இந்தக் கடைக்காரர்தான். நடந்ததைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அண்ணாச்சி, மழைன்னு சொன்னா எவன் விடுவான்? சிவனொளிபாத மலைக்குப் போறோம்னு எழுதிக் குடுங்க. உச்சியில ஒரு பாதம் இருக்கு. நீங்க சிவன் பாதம்னு சொல்லுதீக. சிங்களவுக புத்தர் பாதம்னு சொல்லுதாவ. எங்களுக்கு அது முதல் மனுசர் பாவா ஆதம் கால் வச்ச மலை. எந்த ஆபீஸ்காரனும் அதுக்கு மறுப்புச் சொல்ல மாட்டான்." பிறகு சிரிப்பு அடங்கி, "நானும் எத்தனையோ தடவை கொழும்புக்குப் போயிருக்கேன். அந்த மலையில ஏறினதில்ல. போனீகன்னா எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க" என்றார்.

அப்படியே எழுதினேன். யாத்திரை, சிவனொளிபாத மலை. அனுமதி வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அய்யா சொன்னார்: "எழுதிக் குடுத்தாச்சு. இனிமே அந்த மலைக்குப் போகாம வந்தா பொய் சொன்னதா ஆயிரும்."

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டதும் கிளம்பினோம். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறும் கருப்பட்டியும் ஒரு தகரப் பெட்டியும்தான் எங்கள் சாமான். மதுரையில் வண்டி மாறி, மானாமதுரை வழியாக மண்டபம் வந்தோம். அங்கே மருத்துவச் சோதனை. தோட்டத்துக்குப் போகும் கூலிக் குடும்பங்கள் ஒரு பக்கம் நீளமாக நின்றன. மற்றப் பயணிகள் இன்னொரு பக்கம். அய்யாவின் செருப்பில்லாத காலையும் முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டியையும் பார்த்து ஒரு சிப்பந்தி அவரைத் தோளைப் பிடித்துக் கூலி வரிசைக்குத் தள்ளினான். நான் ஓடிப்போய் இங்கிலீஷில் பேசினேன். அவன் கையை எடுத்துவிட்டு, "மன்னிக்கணும்மா" என்றான். அய்யாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னான். அய்யா வரிசை மாறி நின்றபோது பழைய வரிசையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கன நிக்கது பூரா நம்ம ஊரு சனம்" என்றார்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, சாயங்காலம் தலைமன்னாரில் இறங்கினோம். அய்யாவுக்கு இலங்கை முதலில் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ரயில் கிளம்பி வெளிச்சம் இருக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததெல்லாம் முள்ளும் புதரும் காய்ந்த மண்ணும் அங்கங்கே பனையும்தான்.

"நம்ம ஊரு மாதிரில்லா இருக்கு. இதைப் பாக்கவா கப்பல் ஏறுனோம்?"

"இது வடக்குப் பக்கம் அய்யா. மழை தெக்கே, மலையில."

அனுராதபுரத்தில் ஒரு பகல் இறங்கித் தங்கினோம். வெள்ளையுடுத்திய கூட்டத்தோடு நடந்து, புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் கிளை என்கிற அரச மரத்தைக் கும்பிட்டோம். அங்கே பூ வைத்துக் கும்பிடுகிற விதம் எங்கள் ஊர்ப் பெண்கள் கும்பிடுகிற விதத்திலிருந்து அதிகம் வேறாக இல்லை. அய்யாவை நிறுத்தி வைத்தது மரமோ கோபுரமோ அல்ல, பக்கத்தில் இருந்த ஏரி. கரைமேல் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார். வறண்ட காட்டுக்கு நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். எந்தக் காலத்திலோ ஒரு ராஜா கட்டியது என்று அங்கிருந்த ஒரு தமிழ்க் கடைக்காரர் சொன்னார். அய்யா கரை நெடுக நடந்தார். மடையில் ஒரு சிங்களக் குடியானவர் குளித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் கையைக் காட்டி, மண்ணைக் கிள்ளிக் காட்டி, கால் மணி நேரம் எதையோ பேசினார்கள். திரும்பி வந்தபோது அய்யாவின் முகம் மாறியிருந்தது.

"இவுகளுக்கும் நம்மள மாதிரி ஒரு மழைதான். ஆனா பிடிச்சு வச்சிருக்காவ" என்றார்.

பொல்காவலையில் மலைநாட்டு ரயிலுக்கு மாறினோம். நாவலப்பிட்டி தாண்டி வண்டி மேலே ஏற ஏற மழை தொடங்கியது. எங்கள் ஊர் மழை சத்தத்தோடு வரும். முதலில் இடி, அப்புறம் மண் வாசனை, அப்புறம் ஆட்கள் தெருவுக்கு ஓடிவரும் சத்தம். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாமல், ஒரு வளைவில் திரும்பியபோது உலகம் முழுக்க நனைந்து கிடந்தது. பள்ளத்தாக்கு எங்கும் வெள்ளைக் கோடுகளாய் அருவிகள். அய்யா ஜன்னல் வழியாக முழங்கை வரை கையை நீட்டிக்கொண்டார். பெட்டியிலிருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை. சட்டையெல்லாம் நனைந்து, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது மனிதர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

வட்டவளைக்கு முன்னால் வண்டி நின்றது. மேலே மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டதாம். சீர்செய்ய இரண்டு நாளாகலாம், நடக்க முடிந்தவர்கள் பாதை வழியே அடுத்த ஸ்டேஷன் வரை நடக்கலாம் என்றார்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அய்யா முன்னால் நடந்தார், நான் பின்னால். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒரு சிறிய சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கண் இருட்டிவிட்டது. கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பெட்டி கீழே விழுந்த சத்தமும் அய்யாவின் "அம்மா" என்ற குரலும் ஒன்றாகக் கேட்டன. பாசி பிடித்த தண்டவாளக் கட்டையில் கால் வழுக்கி, பாதம் மடங்கி விழுந்திருந்தார். எழுப்பினால் நிற்க முடியவில்லை.

மண் அள்ளப் போய்க்கொண்டிருந்த ரயில்பாதைத் தொழிலாளர்கள் பின்னால் வந்தார்கள். அவர்களில் ஒருவர், அகன்ற தோள்கொண்ட சிங்களர், குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அய்யாவை முதுகில் தூக்கிக்கொண்டார். தோட்டத்து ஆட்களோடு பழகியதில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "என் வீடு கிட்ட. பயம் வேணாம், தங்கச்சி" என்றார்.

அவர் வீடு என்பது பாதையோரம் ரயில்வேக்காரர்கள் கட்டிக்கொடுத்த இரண்டு அறைகள். மனைவி, அவருடைய வயதான தாய், இருமிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னப் பெண் குழந்தை. மனைவிக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. என்னைப் பார்த்ததும் தன்னுடைய உலர்ந்த துணியை எடுத்து நீட்டினாள். நான் வாங்கத் தயங்கியதும் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுத்துப்போனாள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று புரியாமல், "அக்கா" என்றேன். அவள் முகம் விரிந்தது. அவர்கள் பாஷையிலும் அக்கா, அக்காதான் என்று பிறகு தெரிந்தது. அன்றைய தினம் எங்களுக்குள் இருந்த ஒரே சொல் அது.

நாட்டு வைத்தியர் ஒருவர் வந்து காலைத் தடவிப் பார்த்து, எலும்பு முறியவில்லை, பிசகியிருக்கிறது என்றார். பச்சிலையை அரைத்துக் கட்டி, ஒன்பது நாள் காலைக் கீழே வைக்கக் கூடாது என்று சொல்லிப் போனார். இரண்டாம் நாள் காய்ச்சலும் வந்தது. அந்த வீட்டில் இருந்த ஒரே கட்டிலை அய்யாவுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் தரையில் படுத்தார்கள்.

அப்படித்தான் அய்யா மழை பார்த்தார். கட்டிலுக்கு நேரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒன்பது நாளும் மழை. முதல் இரண்டு நாள் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். நான்காம் நாள் வெறுமனே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"ஏட்டி, ஒண்ணு கவனிச்சியா? இங்க மழை பெய்யும்போது ஒருத்தரும் மேலே பாக்கல. நம்மூருல நாலு துளி விழுந்தா கிழவன் கிழவியெல்லாம் வெளிய வந்து முகத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கும்."

"இவுகளுக்குத் தினமும் பெய்யுது அய்யா."

"அதான். அந்தப் பிள்ளை பிறந்ததுல இருந்தே இருமுதாம். துணியை அடுப்புக்கு மேல காயப் போடுதாவ. அந்தத் தம்பி மண்ணுக்குள்ள நின்னு நின்னு அவன் காலைப் பாரு, விரல் இடுக்கெல்லாம் வெந்து கெடக்கு. நான் இங்கன மழைக்கு ஆசைப்பட்டு வந்தேன்னு அவன்கிட்டச் சொல்லிராத. வெக்கமா இருக்கு."

நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொழிலாளி ஒருநாள் தானாகவே கேட்டார், ஐயா எதற்கு வந்தார் என்று. அய்யா சட்டென்று, "சிவனொளிபாத மலைக்கு" என்றார். அந்த வீட்டில் அது உண்டாக்கிய மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கிழவி எழுந்து வந்து அய்யாவின் அடிபட்ட காலைத் தொட்டாள். புத்தர் பிறந்த வெசாக் பௌர்ணமியோடு யாத்திரைக் காலம் முடிந்துவிடும். அதற்குள் தாயும் மனைவியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மலையேறப் போகிறார்கள், ஐயாவுக்குக் கால் சரியாகாது, தங்கச்சியை அனுப்புங்கள் என்றார் அவர்.

நான் முடியாது என்றேன். முன்பின் தெரியாத பெண்களோடு, பாஷை தெரியாமல், அய்யாவை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவது? அய்யா விடவில்லை.

"எழுதிக் குடுத்திருக்கோம்லா. ரெண்டு பேருல ஒருத்தராச்சும் ஏறணும்."

"அது சும்மா எழுதினது அய்யா."

"எழுதினது நீதான். சும்மா எழுதுவியா நீ?"

போனேன். அட்டனிலிருந்து பஸ்ஸில் மஸ்கெலியா போய், மலையடிவாரத்தில் ஒரு மடத்தில் தங்கி, விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். பொதுவாக எல்லோரும் இரவிலேயே ஏறி உச்சியில் சூரியோதயம் பார்ப்பார்களாம். எங்கள் கூட்டத்தில் கிழவி இருந்ததால் பகலில் மெல்ல ஏறினோம். எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். எனக்கும் அக்கா ஒரு வெள்ளைத் துணி கொடுத்திருந்தாள். ஒரு ஓடையில் முகம் கழுவிக்கொண்டோம். இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து "கருணாவய்" என்றார்கள். கருணை உண்டாகட்டும் என்று அதற்குப் பொருளாம். நானும் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஓர் இடத்தில் முதல்தடவை ஏறுகிறவர்கள் ஊசியில் நூலைக் கோத்து, நூலை நீளமாக விட்டு அங்கே வைக்க வேண்டும். என் கையிலும் ஒரு ஊசி வந்தது. கூட்டத்தில் முதல்தடவைக்காரி நான் ஒருத்திதான் என்பதால் எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். அட்டைகள் காலில் ஏறின. அக்கா சோப்பைத் தடவித் தடவி அவற்றை எடுத்துப் போட்டாள். படிகள் போகப்போகச் செங்குத்தாயின. கடைசிப் பகுதியில் கிழவியை ஒரு பக்கம் அக்காவும் இன்னொரு பக்கம் நானும் தாங்கி ஏற்றினோம். அந்த உடம்பின் பாரம் என் தோளில் இருந்தபோது ஒன்று தோன்றியது. ஊருக்கும் கோவில்பட்டிக்கும் போய்வந்ததைத் தவிர, என் வாழ்க்கையில் அன்றுவரை அப்பாவோ அண்ணனோ மாமனோ கூட இல்லாமல் நான் எங்கும் போனதில்லை.

உச்சிக்குப் போனபோது மதியம். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை மூட்டம். பத்தடிக்கு அப்பால் நின்ற ஆள்கூடத் தெரியவில்லை. பாதத்தின் மேல் துணி மூடியிருந்தது. அதைத்தான் தொட்டுக் கும்பிட்டேன். பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் கற்பூரம் ஏற்ற முயன்று ஈரக்காற்றில் தோற்றுக்கொண்டிருந்தது. தொப்பியணிந்த இரண்டு முஸ்லிம் பெரியவர்கள் கண்ணை மூடி நின்றிருந்தார்கள். அங்கே ஒரு மணி உண்டு. எத்தனை தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். கிழவி பதினொரு தடவை அடித்தாள். நான் ஒருமுறை அடித்துவிட்டு, அய்யாவுக்காக இன்னொன்று அடிக்கக் கயிற்றைப் பிடித்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தித் தலையை ஆட்டினாள். ஏறியவர்களுக்கு மட்டும்தான்.

திரும்பி வந்ததும் அய்யா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "என்னட்டி பாத்த?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஒண்ணும் தெரியல அய்யா. பூராவும் மூட்டம். பாதத்தை மூடி வச்சிருக்காவ. குளிருது. அவ்வளவுதான்" என்றேன். பிறகு வழியில் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஊசி, நூல், கிழவி, மணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். மூட்டத்தைப் பற்றி மறுபடி ஒன்றும் கேட்கவில்லை.

கால் ஊன்ற முடிந்ததும் கிளம்பினோம். அந்த அக்கா சமைத்த பால்சோற்றை வாழையிலையில் கட்டித் தந்தாள். அய்யா தன் தோளில் கிடந்த, எங்கள் ஊர்த் தறியில் நெய்த துண்டை அந்தத் தொழிலாளியின் தோளில் போட்டார். அவர் அதை எடுக்கவே இல்லை. ரயில் நகரும்போது தூறலில் அந்தத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

கோவில்பட்டிக்கு வந்த மறுநாள் ஜவுளிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் வேலையாட்களையெல்லாம் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "சொல்லுங்க அண்ணாச்சி, மலை எப்பிடி?" என்றார்.

அய்யா சொல்ல ஆரம்பித்தார். ஊசியில் நூல் கோத்து வைத்ததைச் சொன்னார். கிழவியைத் தாங்கி ஏற்றியதைச் சொன்னார். "உச்சியில போயி நின்னேன் பாருங்க, மேகம் பூரா காலுக்குக் கீழ. சுத்தி நாலு பக்கமும் கடலு. பாதம் இம்புட்டு அகலம், ஒரு ஆளு படுக்கலாம். உங்க சனமும் நின்னு ஓதிக்கிட்டு இருந்தாவ. உங்க பேரைச் சொல்லி நானும் ஒரு கும்பிடு போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் திறக்கப் போனேன். அதற்குள் கடைக்காரரின் கண் கலங்கிவிட்டதைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து அய்யாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டேன். "அய்யா, மூட்டம்னுதானே சொன்னேன்? அதுவும் ஏறுனது நீங்களா?"

அவர் நின்றார். இன்னும் லேசாக நொண்டிக்கொண்டிருந்தார்.

"அவரு எத்தனை வருசமாக் கேக்கணும்னு இருந்திருக்காரு. அவருகிட்டப் போயி மூட்டம்னு சொல்லவா?"

"அப்ப நான் ஏறுனேன்னு சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருக்கலாம். கலியாணம் ஆகாத பிள்ளை, வேத்து ஆளுகளோட மலையேறுனான்னு ஊருல நாலுவிதமாப் பேசுவாவன்னு பயந்துட்டேன். தப்புத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கட்டில்ல கெடக்கும்போது நானும் ஒரு பக்கம் ஏறிக்கிட்டுத்தான்ட்டி இருந்தேன். நீ ரெண்டு நாளு காணல. ஒவ்வொரு படியா நெனச்சுக்கிட்டே கெடந்தேன்" என்றார்.

எனக்கு அப்போது கோபம் முழுவதும் தீரவில்லை. என் மலையை எடுத்துக்கொண்டார் என்ற எண்ணம் பல மாதம் இருந்தது. ஊரில் அவர் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவேன். ஒருநாள் அம்மா என்னிடம் வந்து, "ஏறுனது நீதான? அவுக அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாவ" என்றாள். "கால் வலிக்கலையாட்டி?" என்று கேட்டாள். கேட்டது அவள் ஒருத்திதான். உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது கோபம் போய்விட்டிருந்தது. அடுத்த வருடம் எனக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் அய்யாவே எடுத்த எடுப்பில் சொன்னார்: "எம் மக தனியா மலையேறிட்டு வந்தவ. அதுக்குச் சம்மதம்னா மேக்கொண்டு பேசுவோம்." அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. அதற்கு அடுத்து வந்தவர்தான் என் கணவர்.

சில வருடம் கழித்து, தீவில் கலவரம் என்று பத்திரிகையில் வந்தது. தமிழர்களையும் சிங்களரையும் பற்றி ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. அய்யா என்னைக் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அந்த ரயில்பாதைத் தொழிலாளிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். ஸ்டேஷன் விலாசத்துக்கு இங்கிலீஷில் எழுதினேன். சுகமா, குழந்தைக்கு இருமல் நின்றதா, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று. முடிக்கும்போது, "நம்ம வீட்டுல இடம் இருக்குன்னு போடு" என்றார்.

"அவுகளுக்கு அங்க ஒண்ணும் வராது அய்யா. அவுக சிங்களவுகல்லா."

"இருந்தாலும் போடு."

போட்டேன். நான்கு மாதம் பதில் இல்லை. அய்யா தினமும் தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்பார். பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது என்று மறுபடி எனக்கு ஆள் அனுப்பினார். ஸ்டேஷனில் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல கையெழுத்து. கிழவி இறந்துவிட்டாள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் பயந்து வந்தது. பதினொரு நாள் எங்கள் வீட்டில் வைத்திருந்து, அமைதியான பிறகு கொண்டுபோய் விட்டோம். கட்டில் ஒன்றுதான் இருப்பதால் பெரியவருக்கு அதைக் கொடுத்தோம் என்று முடிந்திருந்தது.

நான் தமிழில் படித்துச் சொன்னேன். அய்யா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கடிதத்தை வாங்கி, மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து மடியில் செருகிக்கொண்டார். பருத்திக்கு இரண்டாவது களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிக் காட்டுக்குப் போய்விட்டார்.